சூடானதும் கிளட்ச் பெடல் தொய்ந்துவிடுகிறது, காலையில் பழையபடி நிற்கிறது: கோளாறு எங்கே?

#1 கருப்புக்கூப்பே

வணக்கம் நண்பர்களே. என் கார் பின்சக்கர இயக்கம், ஆறு சிலிண்டர், ஆறு கியர். ஹைட்ராலிக் கிளட்ச்: பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும், ஆயில் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்சை விடுவிக்கும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இல்லை. பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் வகை. ஒரு வருடம் முன்பு ஹெடர் (இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பைப்கள்) மாற்றினேன். கிளட்ச் மட்டும் கம்பெனி கிளட்ச்தான்.

காலையில் எடுக்கும்போது பெடல் அருமையாக இருக்கிறது. இருபது நிமிடம் விரட்டி ஓட்டினால் போதும், பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. கிளட்ச் பிடிக்கும் இடம் தரையோடு ஒட்டிப் போகிறது. இரண்டாவது கியர் கரகரக்கிறது, ரிவர்ஸ் விழ மறுக்கிறது. இரண்டு முறை பம்ப் அடித்தால் கொஞ்சம் மேலே வருகிறது. நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது.

இதுவரை இரண்டு தடவை பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுத்தாயிற்று. இரண்டு தடவையும் ரிசர்வாயரில் ஆயில் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்லேவ் பக்கம் ஏர் எடுக்கத் திறக்கும் பிளீடர் நிப்பிளிலிருந்து வந்தது காபி டிகாஷன் மாதிரி கறுப்பு. மாற்றிய இரண்டு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. மாஸ்டர் சிலிண்டர் வாங்குவதா, கியர்பாக்ஸ் இறக்குவதா? ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

#2 வளைவுப்பாதை

ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். ரப்பர் ஹோஸ் சூட்டில் ஊதிக்கொள்ளும், பெடல் தொய்ந்துவிடும். நான் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது.

#3 எண்ணெய்க்கறை

அப்படியே கிளட்ச் டிலே வால்வையும் கழற்றிவிடுங்கள். பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் இருக்கும். உங்கள் காரிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

#4 ஸ்பானர்பெட்டி

டிலே வால்வு இந்தத் தொல்லைக்குச் சம்பந்தமில்லாதது. பெடலிலிருந்து காலை எடுக்கும்போது ஆயில் திரும்பி வரும் வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை, கிளட்ச் மெதுவாகப் பிடிக்கட்டும் என்று. கழற்றினால் கிளட்ச் சட்டென்று பிடிக்கும், பெடல் கெட்டியாகாது.

கருப்புக்கூப்பே தம்பி, எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்குள் உட்காருங்கள். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் பெடல் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று காலையில் ஒரு தடவையும் தொய்ந்த பிறகு ஒரு தடவையும் அளந்து சொல்லுங்கள். "கீழே போகிறது" என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

#5 கருப்புக்கூப்பே

அளந்துவிட்டேன் அண்ணா. காலையில் 70 மி.மீ. நேற்று மாலை ஓட்டி முடித்ததும் 25 மி.மீ. மூன்று தடவை அளந்தேன், 24க்கும் 26க்கும் நடுவில்தான் வந்தது. பெடல் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம் சுமார் 150 மி.மீ.

#6 ஸ்பானர்பெட்டி

நன்றி, இது போதும்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. பரப்பு 198 சதுர மி.மீ. வருகிறது. பெடல் விகிதம் 6 என்று வைத்தால், பெடல் 150 மி.மீ. போகும்போது மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ.தான் நகரும். அது தள்ளும் ஆயில் மொத்தமே சுமார் 5 மில்லி. ஒரு டீஸ்பூன் அளவு. அந்த ஒரு டீஸ்பூனில்தான் மொத்த கிளட்சும் ஓடுகிறது. பிரேக் மாதிரி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று விட இங்கே இடமே கிடையாது.

இப்போது லைனில் 1 மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெடலில் காலை வைத்ததும் அந்தக் காற்று நசுங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். அதை நசுக்கவே மாஸ்டர் பிஸ்டனில் 5 மி.மீ. வீணாகிறது. பெடலில் அது 30 மி.மீ. உங்களுக்குப் போனது 45 மி.மீ. அதாவது லைனில் எங்கோ ஒன்றரை மில்லி அளவுக்கு நசுங்கும் பொருள் உருவாகிறது, அல்லது அதே அளவு ஆயில் ஒரு சீலைத் தாண்டி நழுவுகிறது.

காலையில் பெடல் சரியாகிவிடுகிறது என்றீர்களே, முக்கியமான சேதி அதுதான். ஏர் எடுக்காமல் விட்ட காற்று காலையிலும் உள்ளேயேதான் இருக்கும். ஆவி அப்படியில்லை, ஆறினதும் நீராகிவிடும். ஆகவே எனக்கு முதல் சந்தேகம் ஆவி மேல். ஆனால் தேய்ந்த மாஸ்டர் சீலும் சூட்டில் ஆயில் நீர்த்ததும் நழுவவிட்டு, ஆறினதும் ஒழுங்காக நிற்கும். சூட்டில் இளகும் ஹோஸும் அப்படித்தான். மூன்றில் எது என்று பிரித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

#7 எண்ணெய்க்கறை

அண்ணா, ஆயில் கொதிக்க பிரேக் டிஸ்க் மாதிரி சூடு வேண்டாமா? கிளட்ச் லைனில் அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்?

#8 ஸ்பானர்பெட்டி

நல்ல கேள்வி. புதிதாகத் திறந்த டாட் 4 (பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வரும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அதே டாட் 4க்குக் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205 இருந்தது 140க்கு இறங்கும். டாட் 5.1க்கு 260, ஈரமானால் 180.

கிளட்ச் லைனுக்கென்று இன்னொரு பலவீனம் உண்டு. ஆயில் சுற்றிவராது. அதே 5 மில்லிதான் முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. ஸ்லேவ் அருகே இருக்கும் ஆயில் ரிசர்வாயர் பக்கமே எட்டிப்பார்க்காது. ரிசர்வாயர் தெளிவாக இருக்க நிப்பிளில் கறுப்பாக வந்ததற்கு இதுதான் காரணம். குழாயில் ஒரு இடம் மட்டும் சுட்டால், அந்த இடத்து ஆயில் தப்பிக்க வழியில்லாமல் அங்கேயே வேகும். ஒரு மில்லிகிராம் நீர் ஆவியானாலே ஒன்றரை மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். உங்கள் 45 மி.மீ.க்கு அவ்வளவு போதும்.

ஹெடர் மாற்றியதாகச் சொன்னீர்கள். கிளட்ச் குழாய் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது?

#9 ஆறாம்கியர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிளட்ச் பெடல்தான் பிரச்சினை. 7000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றினால் பெடல் மேலே வராமல் தரையிலேயே ஒட்டிக்கொள்கிறது, காலை அடியில் விட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

#10 ஸ்பானர்பெட்டி

உங்களுடையது வேறு நோய், ஆறாம்கியர். பெடலுக்கு மேலே ஒரு அசிஸ்ட் ஸ்பிரிங் இருக்கிறதா பாருங்கள். காலுக்குப் பாரம் குறையட்டும் என்று வைத்திருப்பார்கள். பாதி தூரம் தாண்டியதும் அது பெடலைக் கீழ்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். பெடலை மேலே தள்ள வேண்டியது கிளட்சை அழுத்திப் பிடிக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள். அதிக ஆர்பிஎம்மில் சுழலும் வேகமே அந்த விரல்களின் திருப்பித் தள்ளும் பலத்தைக் குறைத்துவிடும், அப்போது அசிஸ்ட் ஸ்பிரிங் ஜெயிக்கிறது. பலம் குறைந்த ஸ்பிரிங் மாற்றலாம், சிலர் கழற்றியே விடுகிறார்கள். கழற்றினால் பெடல் கனமாகும். ஆயிலும் பழசாக இருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து விவரமாகப் பேசுகிறேன்.

#11 வளைவுப்பாதை

கருப்புக்கூப்பே, இதெல்லாம் செய்வதற்கு முன் மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடை (பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி) இரண்டு சுற்று நீட்டிப் பாருங்கள். பெடல் உடனே மேலே வரும். ஐந்து நிமிட வேலை.

#12 ஸ்பானர்பெட்டி

நண்பரே, இதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், இந்த ஒரு யோசனையால் நல்ல கிளட்ச்கள் எரிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

காலை எடுத்ததும் மாஸ்டர் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் ரிசர்வாயருக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதற்காகத்தான் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு நூலளவு இடைவெளி விடுகிறார்கள். ராடை நீட்டி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, அது ஸ்லேவைத் தள்ளும், ஓட்டுபவர் காலே வைக்காமல் கிளட்ச் அரைகுறையாக விடுபடும். மேட்டில் ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. பிறகு வாசனை வரும். ராடு அளவு கம்பெனி கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்பது சரி. கோளாறை மறைக்க அதை நீட்டுவது தவறு.

#13 வளைவுப்பாதை

சரிதான் அண்ணா, நான் இப்படி யோசித்ததில்லை. என் காரிலேயே இந்த வாரம் இடைவெளியைச் சரிபார்க்கிறேன்.

#14 கருப்புக்கூப்பே

இன்று காரைத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்ட் வைத்து அடியில் போய்ப் பார்த்தேன். குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளிப் ஒன்று காணவில்லை. அது இருந்த இடத்தில் துரு படிந்த ஒரு தடம் மட்டும் இருக்கிறது. ஹெடர் மாட்டும்போது உடைந்திருக்க வேண்டும். குழாய் தொங்கிப்போய் ஹெடரின் மூன்றாவது பைப்புக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் பூச்சு வெந்து பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. கைக்கு அகப்பட்டதும் வயிறு கலங்கிவிட்டது. ஒரு வருடமாக இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன்.

ஓட்டி வந்து அகச்சிவப்பு வெப்பமானியில் அந்தக் குழாயைப் பார்த்தேன். 92 டிகிரி காட்டியது. 155ஐத் தொடவில்லையே?

#15 ஸ்பானர்பெட்டி

பூச்சு உதிர்ந்த இடத்தில் பளபளப்பான இரும்பைக் குறிவைத்திருப்பீர்கள். பளபளப்பான உலோகத்தில் அந்த மானி குறைத்துத்தான் காட்டும். சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அந்தப் பொட்டைக் குறிவைத்து அளந்து பாருங்கள். வண்டி ஓடும்போது காற்று அடித்துக் குழாயை ஆற்றும், நிறுத்தியதும் ஹெடரின் சூடு முழுக்க அதன் மேல் இறங்கும். அதனால் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் ஒருமுறை பாருங்கள்.

அப்படியே மாஸ்டரையும் சோதித்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும், அதனால் கை நீளக் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். மாஸ்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைக் கழற்றி, அதே மரையில் ஒரு அடைப்பு போல்ட்டை இறுக்குங்கள். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள், பெயிண்டில் ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தோலை உரிப்பது போல உரித்துவிடும். அடைத்த பிறகு பெடலை மிதித்தால் சில மில்லிமீட்டர் போய்க் கல் மாதிரி நிற்க வேண்டும். உதைக்க வேண்டாம், கிளட்சுக்குக் கொடுக்கும் அதே அழுத்தத்தை அரை நிமிடம் கொடுங்கள். மெல்ல இறங்கினால் மாஸ்டரின் உள்சீல் போய்விட்டது. இறங்காமல் நின்றால் மாஸ்டருக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

#16 எண்ணெய்க்கறை

சில கார்களில் அங்கே மரை கிடையாது, கிளிப் போட்ட பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். அப்போது இந்தச் சோதனை செய்ய முடியாது. என் காரில் அப்படித்தான். ரப்பர் ஹோஸை ஸ்லேவுக்குப் பக்கத்தில் ஹோஸ் பிடிக்கும் கிளாம்ப் போட்டு அடைத்துத்தான் பார்த்தேன். ஸ்டீல் பின்னல் ஹோஸில் கிளாம்ப் போடவே கூடாது, உள்ளே நொறுங்கிவிடும்.

#17 கருப்புக்கூப்பே

அளந்தேன். ஓட்டி முடித்ததும் கறுப்புப் பொட்டில் 128. நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து 161. எண்ணைப் பார்த்ததும் ஓடிப்போய் மாஸ்டர் சோதனையையும் முடித்துவிட்டேன். நான்கு மி.மீ. போய் நின்றது. அரை நிமிடம் காலை எடுக்காமல் இருந்தேன், அசையவில்லை. மாஸ்டர் நன்றாக இருக்கிறது.

#18 ஸ்பானர்பெட்டி

நல்லது. இனி குழாயைத் தள்ளி வையுங்கள். வளைக்கும்போது மடிந்துவிடாமல் பைப் வளைக்கும் கருவியில் வளையுங்கள், வெந்த இடம் மெலிந்திருந்தால் குழாயையே மாற்றிவிடுங்கள். ஹெடரிலிருந்து 40 மி.மீ.யாவது விலகியிருக்கட்டும். மேலே அலுமினிய முகம் கொண்ட வெப்ப உறை. கிளிப் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, குழாயை எங்கேயும் மேலே வளைந்து இறங்கும்படி வைக்காதீர்கள். அந்த முதுகில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு பம்ப் அடித்தாலும் கீழே வராது.

ஆயில் டாட் 4 அல்லது 5.1. டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிகான், இதோடு கலக்காது. எண் பார்த்து வாங்குங்கள். பிரேக் ஆயில் என்று பேச்சில் சொன்னாலும் இது எண்ணெய் அல்ல. உண்மையான எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் இந்தச் சீல்களெல்லாம் ஊதிப்போகும். மினரல் ஆயிலுக்கென்றே செய்த கார்களும் உண்டு, அதனால் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஏர் எடுக்கும்போது பெடலைச் சடசடவென்று அடிக்காதீர்கள். காற்று நுரையாகிவிடும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, அதற்குப் பிறகே காலை எடுக்க வேண்டும். ரிசர்வாயர் மேல் 10 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும் பிளீடர் கிடைத்தால் இன்னும் சுத்தமாக வரும்.

#19 எண்ணெய்க்கறை

வெளியே ஸ்லேவ் உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: நிப்பிள் மேல்பக்கம் இல்லாவிட்டால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று போகாது. நான் ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து, புஷ் ராடைக் கையால் மெல்ல முழுவதும் உள்ளே தள்ளினேன். ரிசர்வாயரில் குமிழிகள் வரிசையாக ஏறியதைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

#20 கருப்புக்கூப்பே

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதுக் குழாய், உறை, டாட் 5.1, எல்லாம் போட்டாயிற்று. காலையில் 70, ஓட்டி முடித்ததும் 62. நகர நெரிசலில் அரை மணி நேரம் நின்று நின்று வந்தாலும் 60க்குக் கீழே போகவில்லை. இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் அந்த 8 மி.மீ. என்னை விடவில்லை. நேற்று நிப்பிளில் 20 மில்லி எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் கறுப்பு. வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தால் நடுவில் மையைப் போலப் பொடி நிற்கிறது.

#21 ஸ்பானர்பெட்டி

அதைப் பார்த்தது நல்லதாயிற்று. வெந்த ஆயில் பழுப்பாகும். மைப்பொடி வருகிறது என்றால் ரப்பர் தேய்கிறது, அல்லது கிளட்ச் தூசி ஸ்லேவ் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. ஸ்லேவ் உள்ளே இருப்பதால் தூசிப் புயலின் நடுவில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. பெல் ஹவுசிங் அடியில் இருக்கும் துளையில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள்.

#22 கருப்புக்கூப்பே

துணியில் ஈரம். கறுப்பாக, பிசுபிசுவென்று.

#23 ஸ்பானர்பெட்டி

அப்படியானால் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். இறக்குவது ஒரு தடவை என்பதால் பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது), இஞ்சினின் பின் ஆயில் சீல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கிளட்ச் டிஸ்க் தடிமனையும் அளந்துவிடுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. எதிரே தடுக்க ஒன்றும் இல்லாததால் ஸ்லேவ் பிஸ்டன் சீலோடு வெளியே பாய்ந்துவிடும், புது ஸ்லேவ் அந்த நிமிடமே வீண். பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கட்டையைக் கட்டிவைத்துவிடுங்கள். அடுத்தது, ஸ்லேவை முழுக்க அமுக்கிய நிலையில் அதன் பேரிங்குக்கும் டயாஃப்ரம் விரல்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். டிஸ்க் தேயத் தேய விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் வரும். அவற்றுக்கு வர இடமில்லை என்றால் நாளடைவில் கிளட்ச் வழுக்கும். அளவு எவ்வளவு என்பதை ஸ்லேவ் செய்தவர்கள் கொடுத்த தாளில்தான் பார்க்க வேண்டும், என் காரின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

#24 வளைவுப்பாதை

நான் புஷ் ராடை அளந்தேன். இடைவெளி சுத்தமாக இல்லை. முன்பு யாரோ நீட்டி வைத்திருக்கிறார்கள். சரிசெய்த பிறகு மேட்டில் சூட்டோடு ஏறும்போது வந்துகொண்டிருந்த லேசான வாசனை இல்லை. ஸ்பானர்பெட்டி அண்ணாவுக்கு நன்றி.

#25 கருப்புக்கூப்பே

இறக்கி ஏற்றியாயிற்று, இரண்டு நாள் வேலை. பழைய ஸ்லேவைக் கையில் எடுத்தபோது ஒரு பக்கம் மட்டும் தூசி சேறாகி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு விளக்கில் காட்டினால் சீலின் உதட்டில் அரை நகம் நீளத்துக்குக் கீறல். பேரிங்கைச் சுழற்றினால் மணல் அரைபடுவது போலச் சத்தம். டிஸ்க் நன்றாக இருந்தது, அதையே மறுபடி போட்டேன். புது ஸ்லேவ் பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே உள்ள இடம், தாளில் சொன்ன எல்லைக்குள் வந்தது.

இன்று நாற்பது நிமிடம் விரட்டி ஓட்டிவிட்டு அளந்தேன். காலையில் 72, இப்போது 71. நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தேன், 71தான்.

#26 ஸ்பானர்பெட்டி

மகிழ்ச்சி தம்பி. ஒரு மாதம் கழித்து நிப்பிளில் 20 மில்லி எடுத்து அதே வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். நிறத்தை இங்கே எழுதுங்கள்.

#27 கருப்புக்கூப்பே

எடுத்தேன் அண்ணா. தேன் நிறம். பொடி இல்லை.